பரீட்சைக்கு முன்பே வந்துவிட்ட ஆடுகள்

மலேசியாவின் தேசிய உயிரியல் போட்டியின் செயற்குழுவுக்குள் புதிதாக வந்திருக்கும் ஆசிரியர்களே, ஆசிரியைகளே, போட்டியை எப்படி நடத்துவது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். முதலில் பள்ளி அளவில் எழுத்துச் சோதனை. பிறகு மாநிலச் சுற்று. கடைசியில் நாடு முழுவதிலிருந்தும் தேறி வந்த இடைநிலைப்பள்ளி மாணவர்களை ஓரிடத்தில் கூட்டி, ஒரு நாள் எழுத்துத்தாள், மறுநாள் செய்முறை. அதிலிருந்து வெளிநாட்டுப் போட்டிக்கு நான்கு பேரைப் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிடலாம் என்பதே, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு லுக்குட் ஊரில் வீட்டோடு உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வேலையில் இருந்தபோது இதற்கு ஒரு தடித்த கோப்பு வைத்திருந்தேன். தூக்கம் வராதவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

கோப்பில் எழுதாதது ஒன்று உண்டு. உயிருள்ள பொருளை வைத்துச் சோதனை நடத்தினால், அது உங்களைக் கேட்காமல் ஏதாவது செய்துவிடும். ஒரு வருஷம் ஆய்வுக்கு உருளைக்கிழங்கு வாங்கி முகாம் சமையலறையில் வைத்திருந்தேன். காலையில் போய்ப் பார்த்தால் மாணவர்கள் அதைப் பூரிக்குத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "பரீட்சைக் கெழங்குன்னு சொல்லி வைக்கக் கூடாதா சார்? நல்ல கெழங்கு லா" என்று சமையல்காரம்மா எனக்கும் ஒரு தட்டு வைத்தார். நானும் சாப்பிட்டேன். தடயத்தை அழிப்பதில் என் பங்கு.

இப்போது சொல்லப் போவது அப்படிச் சாப்பிட்டு ஏப்பம் விட்டுப் போகிற விஷயம் இல்லை.

அந்த வருஷம் இறுதிச் சுற்று போர்டிக்சனில் நடந்தது. எழுத்துத்தாளை முகாமிலேயே வைத்தோம். செய்முறையை வெட்டவெளியில் வைக்கலாம் என்று முன்மொழிந்த அறிவாளி நான். லுக்குட் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்தேன். மரங்களுக்கு நடுவே தரை தெரியாமல் பெரணி, புல், படர்கொடி, வெள்ளையாகப் பூக்கும் களைச்செடி. மாணவர்கள் ஒரு சதுரச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் என்னென்ன செடி எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி, அதிலிருந்து அந்தத் தரை முழுவதற்கும் கணக்குப் போட வேண்டும். நானும் தலைமை நடுவர் ஸ்டெல்லா டீச்சரும் முன்கூட்டியே போய் எண்ணி, விடைகளைத் தயார் செய்திருந்தோம். ஸ்டெல்லா என்னைவிட வயதில் சின்னவர். என்னைவிடக் குறைவாகப் பேசுவார். ஆகவே எங்கள் இருவரில் தலைமை அவரிடம் போனதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை.

யாரும் மிதித்துவிடக் கூடாது என்று அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்புப் பிளாஸ்டிக் நாடா கட்டினேன். தோட்ட ஆபிஸில் போய், நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள், பெரியவர்கள் வருகிறார்கள், அந்த இடம் பத்திரம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதற்குமேல் என்ன செய்ய முடியும் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

செய்முறை நாள் காலை பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் தம்பின் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பெயர் தர்ஷினி. ஐந்தாம் படிவம்.

"பசியாறிட்டியாமா?" என்று கேட்டேன்.

"சோறு எறங்கல சார். நேத்து எழுத்துத்தாள்ல மண்ணக் கவ்விட்டேன். இன்னிக்கு விட்டா அவ்ளோதான். அடுத்த வருஷம் ஸ்கூல்லயே இருக்க மாட்டேன்."

"செடியெல்லாம் அடையாளம் தெரியுமா?"

"எங்க வீட்ல ஆடு வச்சிருக்கோம் சார். எத திங்கும், எதப் பாத்தா மூஞ்சத் திருப்பும்னு அதுங்க பின்னாடியே அலஞ்சிருக்கேன்."

சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன். செய்முறை நடக்காமல் போனால் எழுத்துத்தாளை மட்டும் வைத்தே நான்கு பேரையும் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது விதி. அந்த விதியை எழுதியதும் நான்தான். எழுதும்போது அதற்கு ஒரு முகம் இருக்கவில்லை.

பஸ் பிளாக்குக்குள் திரும்பியது. நான் முதலில் இறங்கினேன். இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

தரை இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

நான் நாடா கட்டிய இடம் முழுக்க, மூலைக்கு மூலை, மொட்டையாக இருந்தது. ஒரு இலை இல்லை. சீவி, கூட்டி, பெருக்கி வைத்திருந்தார்கள். பெருக்குமாற்றின் கோடுகூட மண்ணில் வளைவு வளைவாகத் தெரிந்தது. செம்பனை அடிமரங்களுக்கு இடுப்பளவு சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். இரண்டு மரத்துக்கு நடுவே கலர் காகிதத் தோரணம் ஆடிக்கொண்டிருந்தது. சுற்றிலும் மற்ற எல்லா இடத்திலும் காடு மாதிரிச் செடி. என் சிவப்பு நாடா மட்டும் துளி சேதமில்லாமல் பளபளவென்று இருந்தது.

தோரணத்துக்குக் கீழே மாரிமுத்து மண்டோர் புதுச் சட்டையில் நின்றிருந்தார். அந்தப் பக்கத்து வேலையாட்களை மேய்ப்பவர் அவர்தான்.

"வாங்க சார்! எப்படி இருக்கு?"

நான் நாடாவைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். அவரும் கூடவே வந்தார்.

"மொதல்ல ரோட்டோரம் மட்டும் செய்யலாம்னு இருந்தோம் சார். எந்த எடத்துல பெரியாளுங்க நிப்பாங்கன்னு தெரியல பாருங்க. நல்ல வேள, நீங்களே நாடா கட்டி வச்சிருந்தீங்க."

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். மேனேஜர் வருகிறார், பெரிய ஆபிஸிலிருந்து ஆள் வருகிறார் என்றால் முதலில் நடப்பது என்ன என்று எனக்குத் தெரியாதா? வெட்டு, கூட்டு, சுண்ணாம்பு அடி. விருந்தாளி கண்ணில் ஒரு புல்கூடப் படக் கூடாது. அது மரியாதை. அந்த மனிதர் எங்களுக்கு அவ்வளவு மரியாதை செய்து வைத்திருந்தார். சட்டை வேறு தேய்த்துப் போட்டிருந்தார்.

பிள்ளைகள் பஸ்ஸிலிருந்து இறங்க ஆரம்பித்தார்கள். நான் சுற்றிலும் பார்த்தேன். மண்சாலைக்கு அந்தப் பக்கம், சின்ன வாய்க்கால் தாண்டி, இன்னொரு பிளாக். பச்சைப் பசேல் என்று முழங்கால் உயரம் செடி. அதே பெரணி, அதே கொடி. கடவுள் கண் திறந்தார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் அந்தப் பக்கம் வாங்க. ஓடாதீங்க, மெதுவா" என்று கத்திக்கொண்டே வாய்க்காலைத் தாண்ட ஒரு காலைத் தூக்கிவிட்டேன். எனக்குப் பின்னால் பத்துப் பிள்ளைகளாவது வந்துவிட்டார்கள். சிலர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், நில்லுங்க."

ஸ்டெல்லாவின் குரல். அவர் என்னைப் பார்க்கவில்லை. மண்டோரைப் பார்த்துக் கேட்டார். "அண்ணே, வெட்டினதோட விட்டீங்களா, மருந்து அடிச்சீங்களா?"

"அடிக்காம? வெட்டி எடுத்த மறுநாள் அடிச்சோம் டீச்சர். இல்லன்னா நீங்க வர்றதுக்குள்ள மொளச்சிடுமே."

"அந்தப் பக்கம்?"

மண்டோர் வாய்க்காலுக்கு அப்பால் பார்த்தார். தலையைச் சொறிந்தார். "அது காண்ட்ராக்ட்காரன் பக்கம் டீச்சர். அடிச்சானா இல்லயான்னு எனக்குத் தெரியல."

"பச்சையா தான லா இருக்கு?" என்றேன் நான்.

ஸ்டெல்லா அப்போதுதான் என்னைப் பார்த்தார். "சார். களைக்கொல்லி அடிச்ச செடி எத்தன நாளு பச்சையா இருக்கும்?"

வகுப்பில் வருஷா வருஷம் நான் நடத்திய பாடம். அடித்த அன்றே செடி வாடாது. நாள் கணக்கில் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கும். அதற்குள் வெறுங்கையோடு மண்டியிட்டு, இலையைத் தடவித் தடவி எண்ணுவதற்குப் பிள்ளைகளை அழைத்துப் போய்க்கொண்டிருந்தேன். தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்கு மாதிரி நின்றேன். பிறகு பின்னால் வைத்தேன்.

"தெரியலன்னா அடிச்சிருக்குன்னுதான் எடுத்துக்கணும்" என்றார் ஸ்டெல்லா. "எல்லாரும் பஸ்ல ஏறுங்க."

இளையவர்களே, அன்று காலை அந்தத் தோட்டத்தில் பேசப்பட்டதிலேயே விலைமதிப்பான வார்த்தை மண்டோர் சொன்ன "தெரியல" தான். விருந்தாளியைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று சுண்ணாம்பு வரை அடித்த மனிதர், "அதெல்லாம் அடிக்கல சார், தாராளமா போங்க" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உதவிக்கு ஆள் தேடும்போது எல்லாம் தெரிந்தவரைத் தேடாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிறவர் கிடைத்தால் விடாதீர்கள்.

பிள்ளைகள் பஸ்ஸில் ஏறினார்கள். கடைசியாக ஏறியது தர்ஷினி. "கேன்சலா சார்?" என்று கேட்டாள். "ஏறும்மா" என்றேன். அவள் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அப்போதுதான் எனக்கு அந்த அபாரமான யோசனை வந்தது. எனக்கு அபாரமான யோசனை வருகிறது என்றால் யாராவது என்னைப் பிடித்துக் கட்டிப்போட வேண்டும். அன்று யாரும் கட்டிப்போடவில்லை.

"அண்ணே, வெட்டின செடியெல்லாம் எங்க?"

"டேவான் பின்னால கொட்டியிருக்கு சார். என் வீட்டுப் பக்கத்துல தான்."

டேவான் என்பது தோட்டத்துப் பொது மண்டபம். போய்ப் பார்த்தோம். நாடாவுக்குள் வெட்டியது அத்தனையும் ஒரே குவியலாக மூச்சுமுட்டக் கிடந்தது. குவியலின் மேல் மண்டோரின் ஆடுகள் நின்று சாவகாசமாக மென்றுகொண்டிருந்தன. "ச்சூ, ச்சூ" என்று நானே கைதட்டி விரட்டினேன்.

ஸ்டெல்லா சும்மா நம்பவில்லை. முதலில் மண்டோரிடம் கேட்டார். பிறகு மருந்து அடித்த பங்களாதேஷ் தொழிலாளியைத் தனியாகக் கூப்பிட்டு மலாய் மொழியில் கேட்டார். பிறகு ஆபிஸுக்குப் போன் போட்டுக் கேட்டார். மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: மருந்து அடிப்பதற்கு முந்திய நாளே இதை வெட்டி, அன்றே இங்கே கொண்டுவந்து கொட்டியாயிற்று. அந்தப் பிளாக்கில் அதற்குமுன் பல மாதமாக மருந்து படவில்லை.

"ஆடு நேத்திலிருந்து திங்குது டீச்சர், உயிரோட தான இருக்கு" என்றார் மண்டோர்.

"ஆடு நடுவர் இல்லண்ணே" என்றார் ஸ்டெல்லா. எல்லோருக்கும் கையுறை கொடுக்கச் சொன்னார்.

டேவான் தரையில் ஆளுக்கொரு தட்டு வைத்து, குவியலைக் கலந்து எல்லோருக்கும் பங்கு பிரித்தோம். நான் ஒவ்வொரு தட்டாகப் போய், ஆட்டுப் புழுக்கை கிடந்தால் பொறுக்கி எறிந்தேன். பார்க்க அசிங்கமாக இருந்தது. கேள்வியைக் கையால் எழுதி ஆபிஸ் மிஷினில் நகல் எடுத்தோம்: செடிகளை வகை பிரிக்கவும், இவை வளர்ந்திருந்த தரையில் ஒவ்வொரு வகையும் எவ்வளவு பங்கு இருந்திருக்கும் என்று கணக்கிடவும். நானும் ஸ்டெல்லாவும், கோலாலம்பூரிலிருந்து வந்த விரிவுரையாளர் ஒருவரும் சேர்ந்து மூன்று நடுவர்கள். நாங்களும் மூன்று தட்டைப் பிரித்து எண்ணி விடைக்குறிப்பைத் தயாரித்தோம். சோதனை ஆரம்பித்தது. நான் வாசலில் நின்று மண்டோரின் தேத்தண்ணியைக் குடித்தபடி, இந்த நாட்டுக்குக் கிடைத்த பொக்கிஷம் நான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் டேவானிலேயே ஓர் அறையில் தாள் திருத்தும்போது ஸ்டெல்லா ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். தாள்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அச்செழுத்து மாதிரி பெரிய எழுத்தில் மலாயில் எழுதியிருந்தது. தமிழில் இப்படி வரும்:

"கணக்கிட முடியாது. ஒரு வகைச் செடியின் தண்டுகளில் மட்டும் இலையே இல்லை. நுனிகள் வெட்டுப்படவில்லை, கடிபட்டிருக்கின்றன. ஏதோ ஒரு பிராணி தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டது. மிச்சத்தை வைத்து முழுசைச் சொல்ல முடியாது."

நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை படிக்கத் தைரியம் வரவில்லை. மூன்று நடுவர்களும் அந்த ஆடுகளைக் கண்ணால் பார்த்தோம். விரட்டியது நான். அதைப் பற்றி எங்கள் விடைக்குறிப்பில் ஒரு எழுத்துகூட இல்லை. போதாததற்கு, புழுக்கையைப் பொறுக்கி எறிந்து தட்டைச் சுத்தம் செய்தவனும் நான். விருந்தாளிக்காக மண்டோர் பெருக்கினார். பரீட்சைக்காக நான் பெருக்கினேன். சுண்ணாம்பு அடிக்காததுதான் பாக்கி.

எங்கள் குறிப்பின்படி அந்தத் தாளுக்கு முட்டை. விரிவுரையாளர் கேள்வியையே நீக்கிவிடலாம் என்றார். ஸ்டெல்லா யோசித்துக்கொண்டிருந்தார். எனக்கோ, குறிப்பை மாற்று, இந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடு என்று மேசையைத் தட்டிக் கத்த வேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் அது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆட்டின் பின்னாலேயே அலைந்து வளர்ந்தவள் வேறு யார் இருக்கிறாள் அந்தக் கூட்டத்தில்?

கத்தவில்லை. எழுந்து நின்றேன். "டீச்சர், இது யாரோட தாள்னு எனக்குத் தெரியும்னு நெனைக்கிறேன். நான் இதுல பேசக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணுங்க" என்று சொல்லி வெளியே போய்விட்டேன்.

வெளியே மண்டோர் ஆடுகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். "சார், என்னால பரீட்ச கெட்டுப்போச்சா?"

"உங்களாலயா? உங்க ஆட்டாலண்ணே. ஆட்டாலகூட இல்ல."

ஸ்டெல்லா வெளியே வந்தார். "குறிப்ப மாத்தியாச்சு சார். முடியாதுன்னு காரணத்தோட எழுதுனதுக்கு முழு மார்க். கணக்குப் போட்டவங்களுக்கு வழிமுறைக்கு மட்டும் பாதி. அப்படி எழுதுனது ஒரே ஒரு தாள்தான்."

"நியாயம்" என்றேன். எனக்கு ஒரே குஷி. முகாமுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் தர்ஷினியைப் பார்த்து வேண்டுமென்றே ஒன்றும் சொல்லாமல் வந்தேன்.

சாயங்காலம் எண்களைப் பெயரோடு சேர்த்தோம். அந்தத் தாள் பினாங்கிலிருந்து வந்த ஒரு பையனுடையது. அடுக்குமாடி வீட்டுப் பையன். ஆட்டை அவன் சாத்தே குச்சியில் சுட்ட கறியாகத்தான் பார்த்திருக்க வேண்டும். தர்ஷினியின் தாளை எடுத்துப் பார்த்தேன். வகைகள் எல்லாம் சரி. கணக்கு அச்சுப்போலச் சரி. எங்கள் பழைய குறிப்போடு அப்படியே ஒத்துப்போனது. பழைய குறிப்பு நின்றிருந்தால் அவள்தான் நான்காம் ஆள். மாற்றியதால் பினாங்குப் பையன் நான்காவது, அவள் ஐந்தாவது.

உட்கார்ந்துவிட்டேன். நான் அந்த அறைக்குள் இருந்திருந்தால் அவளுக்காகவே வாதாடி, தொண்டை வற்றக் கத்தி, அவளை என் கையாலேயே வெளியே தள்ளியிருப்பேன்.

பரிசளிப்பு முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவளிடம் போனேன். அழுது முடித்திருந்தாள். கையில் தட்டு இருந்தது.

"ஏம்மா, அந்தச் செடியெல்லாம் ஆடு தின்னிருந்துச்சே, நீ பாக்கலியா?"

"பாத்தேன் சார். கடிச்ச தண்டப் பாத்த ஒடனே தெரிஞ்சிடுச்சு, ஆட்டு வாய்தான்னு."

"அப்புறம் ஏன் எழுதல?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "எழுதத்தான் போனேன் சார். அப்புறம் யோசிச்சேன். இவ்ளோ பெரிய போட்டி. நீங்க மூணு பேரு இருக்கீங்க. ஆட்ட நீங்க பாக்காமலயா குடுத்திருப்பீங்க? எனக்குத்தான் கேள்வி சரியா புரியலன்னு நெனச்சிட்டேன்."

வாழ்நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் ஒரு ஜோக் வைத்திருந்தவன். "நாங்க பாத்தோம்மா. பாத்தும் யோசிக்கல" என்று மட்டும் சொன்னேன்.

"விடுங்க சார்" என்றாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த தடவ ஆட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்குங்க" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இடத்தை நாடா கட்டிப் பத்திரப்படுத்தலாம், மூன்று பேரிடம் தனித்தனியாக விசாரிக்கலாம், தாளில் பெயரை மறைக்கலாம், வேண்டியவர் தாள் என்று தோன்றினால் எழுந்து வெளியே போகலாம். எல்லாம் செய்யுங்கள். அதோடு ஒன்றை மறக்காதீர்கள். அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, தன் கண்ணைவிட உங்களை அதிகமாக நம்புகிறது.

அதனால்தான் அடுத்த வருஷத்திலிருந்து எல்லாத் தாளின் முதல் பக்கத்திலும் ஒரு வரி இருக்கிறது: கேள்வியே தவறு என்று உங்களுக்குத் தோன்றினால், ஏன் என்று எழுதுங்கள், அதற்கும் மதிப்பெண் உண்டு. இடம் போதவில்லை என்று யாராவது அதை எடுக்க வந்தால் விடாதீர்கள். கோப்பில் வேறு எதை வேண்டுமானாலும் எடுக்கட்டும்.

அந்த வரி முதன்முதலாக அச்சான வருஷம், திருத்த உட்கார்ந்த முதல் தாளிலேயே யாரோ ஒரு பிள்ளை எழுதியிருந்தது: மூன்றாம் கேள்வி தவறு. காரணமும் இருந்தது. பதறிப்போய்ச் சரிபார்த்தோம். பிள்ளை சொன்னது சரி.

ஸ்டெல்லா தாளை என் பக்கம் நகர்த்தினார். மூன்றாம் கேள்வியை எழுதியவன் யார் என்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.